முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் கதவு மூடிவிடும்!

மே மாதம் வந்துவிட்டால் நம் ஊர்களில் ஒரே பேச்சுத்தான். பட்டப்படிப்பின் இறுதித் தேர்வை எழுதி முடித்துவிட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். "அடுத்து என்ன?" என்று கேட்டால், "எம்.பி.ஏ. படிக்கலாம் என்றிருக்கிறேன். ரிசல்ட் வரட்டும், அப்புறம் அப்ளிகேஷன் போடலாம்" என்கிறார்கள். வளைகுடாவிலிருந்து தொலைபேசியில் பேசும் அத்தாவும், "ஆமாம், ரிசல்ட் வரட்டும்" என்கிறார். ரிசல்ட்டும் வருகிறது. நல்ல மதிப்பெண்தான்! ஆனால் நாட்டின் முதல்தரமான மேலாண்மைக் கல்வி நிறுவனங்களுக்கான விண்ணப்பம் எட்டு மாதங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது என்ற செய்தி அப்போதுதான் அந்தக் குடும்பத்துக்கு எட்டுகிறது.

இது அறிவுக் குறைவால் வந்த தோல்வியா? இல்லை. உழைப்புக் குறைவால் வந்ததா? அதுவும் இல்லை. தேதி தெரியாததால் வந்த தோல்வி! போட்டியில் ஓடித் தோற்றவனுக்கு அனுபவமாவது மிஞ்சும். போட்டி முடிந்த பிறகு மைதானத்துக்கு வந்தவனுக்கு என்ன மிஞ்சும்?

ஐவேளைத் தொழுகையை அதனதன் நேரத்தில் நிறைவேற்றக் கடமைப்பட்ட சமுதாயம் நாம். சஹர் முடியும் நிமிடத்தையும் இஃப்தார் தொடங்கும் நிமிடத்தையும் அட்டவணை போட்டு வீட்டுக்கு வீடு மாட்டி வைத்திருக்கிறோம். நேரத்தின் அருமையை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அப்படியிருந்தும் பிள்ளைகளின் கல்வி விஷயத்தில் மட்டும் நேரம் தவறியே நிற்கிறோமே, ஏன்?

4743 பேரில் 63 பேர்!

நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழு 2006ல் தனது அறிக்கையைத் தந்தது. சமுதாய மேடைகளில் அந்த அறிக்கையின் பெயர் முழங்காத நாளில்லை. ஆனால் அதில் உள்ள ஒரு கணக்கை நம்மில் எத்தனை பேர் படித்தோம்? அன்றைக்கு இருந்த இந்திய மேலாண்மை நிறுவனங்கள், அதாவது ஐ.ஐ.எம்.கள் அனைத்திலும் படித்துக் கொண்டிருந்த 4743 மாணவர்களில் முஸ்லிம்கள் வெறும் 63 பேர்! நூற்றுக்கு 1.3 பேர்! அப்போது நாட்டின் மக்கள் தொகையில் முஸ்லிம்கள் நூற்றுக்குப் பதின்மூன்றுக்கும் மேல்.

இந்த வேறுபாட்டுக்கு வறுமை, ஆங்கிலப் பயிற்சி இல்லாமை, அரசின் பாராமுகம் என்று பல காரணங்கள் உண்டு. அவற்றை மறுப்பதற்கில்லை. அவற்றுக்காகக் குரல் கொடுக்க வேண்டியதும் நம் கடமை. ஆனால் விண்ணப்பமே போடாதவனை எந்த அரசும் அழைத்து இடம் தராது. நம் கையிலேயே இருக்கும் காரணத்தை முதலில் நீக்கினால்தான், பிறர் கையிலிருக்கும் காரணங்களை நோக்கி விரல் நீட்டும் தகுதி நமக்கு வரும்.

அந்தக் காலண்டர் என்ன சொல்கிறது?

அகமதாபாத்திலும் கல்கத்தாவிலும் 1961ல் தொடங்கப்பட்ட ஐ.ஐ.எம்.கள் இன்று நாடெங்கும் இருபதுக்கு மேல் பெருகிவிட்டன. 2011ல் நம் திருச்சிக்கே ஒன்று வந்துவிட்டது. இவற்றின் எம்.பி.ஏ. படிப்பில் சேர 'கேட்' எனப்படும் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும்.

2024ஆம் ஆண்டின் கேட் தேர்வை எடுத்துக் கொள்வோம். விண்ணப்பம் தொடங்கியது ஆகஸ்ட் 1. முடிந்தது செப்டம்பர் 13. பிறகு செப்டம்பர் 20 வரை நீட்டித்தார்கள். தேர்வு நவம்பர் 24. முடிவு டிசம்பர் 19. அதன்பின் நேர்முகத் தேர்வுகள் நடந்து, 2025ஆம் ஆண்டின் நடுவில் வகுப்பு தொடங்கியது. ஏறத்தாழ 2.93 லட்சம் பேர் அந்தத் தேர்வை எழுதினார்கள். ஆண்டுக்கு ஆண்டு தேதி சில நாட்கள் முன்பின் ஆகலாம். ஆனால் ஆகஸ்டில் விண்ணப்பம், நவம்பர் கடைசியில் தேர்வு என்ற வரிசை மாறுவதில்லை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? மூன்றாண்டுப் பட்டப்படிப்பை முடித்த கையோடு ஐ.ஐ.எம்.முக்குப் போக விரும்பும் மாணவன், மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பம் போட்டாக வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு அல்ல; ரிசல்ட் வருவதற்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பு! இறுதியாண்டு மாணவர்கள் எழுதலாம் என்று விதியே இடம் தருகிறது. பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும். சேர்க்கை நேரத்தில் பட்டத்துக்கான தேவைகளை எல்லாம் முடித்துவிட்டான் என்று கல்லூரி முதல்வரின் சான்று வேண்டும். ஆகவே, அரியர்ஸ் வைத்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வார்த்தை: "எப்படியாவது கடைசியில் எழுதி முடித்துக் கொள்ளலாம்" என்ற நினைப்பு இங்கே செல்லாது. கேட் தேர்வில் கொடிகட்டிப் பறந்தாலும் ஒரேயொரு அரியர் உங்களை வாசலிலேயே நிறுத்திவிடும்.

விண்ணப்பம் போடுவது மூன்றாம் ஆண்டு என்றால் தயாரிப்பு எப்போது? இரண்டாம் ஆண்டில்! தேர்வு இரண்டு மணி நேரம்தான். ஆங்கிலம், தகவல்களை ஆய்ந்து முடிவு காணுதல், கணிதம் என மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். கணிதம் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆங்கிலம் ஆறு வாரத்தில் வந்துவிடாது. நாள்தோறும் ஒரு ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் படிக்கும் பழக்கத்தைக் கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே தொடங்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களையும் நிறுவனங்கள் கணக்கில் எடுத்துக் கொள்கின்றன. அப்படிப் பார்த்தால் ஐ.ஐ.எம். விண்ணப்பம் பத்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

பிளஸ் டூ முடித்தவுடன் சேரக்கூடிய ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பை இந்தூர் ஐ.ஐ.எம். 2011லும், ரோத்தக் ஐ.ஐ.எம். 2019லும் தொடங்கின. இவற்றுக்கும் தனி நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் டூ ரிசல்ட்டுக்குப் பிறகு விண்ணப்பிக்கலாம் என்றிருப்பவருக்கு அங்கேயும் இடமில்லை. பொதுத் தேர்வுக்குப் படிக்கும் பரபரப்புக்கு நடுவிலேயே விண்ணப்பத்தை அனுப்பியாக வேண்டும்.

எந்தச் சான்றிதழ்?

நம் பிள்ளைகளில் பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். 2007ல் தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத தனி இடஒதுக்கீடு கிடைத்தது. சமுதாயம் போராடிப் பெற்ற உரிமை அது. ஆனால் அது மாநில அரசின் கல்வி, வேலைவாய்ப்புகளுக்கு உரியது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வின் வழியாக எம்.பி.ஏ. சேருபவருக்கு அது பயன்படும். ஐ.ஐ.எம்.கள் மத்திய நிறுவனங்கள். அங்கே 'பி.சி. முஸ்லிம்' என்ற சான்றிதழை நீட்டினால் ஏற்கமாட்டார்கள்.

மத்திய அரசின் பட்டியலில் தமிழக முஸ்லிம்களில் லப்பை, ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்டோர் இதர பிற்படுத்தப்பட்டோராக, அதாவது ஓ.பி.சி.யாக இடம் பெற்றிருக்கிறார்கள். அவர்களுக்கு 27 சதவீத ஒதுக்கீட்டில் போட்டியிடும் உரிமை உண்டு. 2006ல் இயற்றப்பட்ட அந்தச் சட்டத்தை 2008ல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் அதற்கு மத்திய அரசு வகுத்த படிவத்தில், கிரீமிலேயர் அல்லாதவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாகப் பெற வேண்டும். இரண்டும் ஒன்று என்று நினைத்துக் கொண்டு, விண்ணப்பத்தில் பொதுப் பிரிவு என்று குறித்துவிட்டால் தீர்ந்தது கதை. பதிவு முடிந்தபின் பிரிவை மாற்ற விடமாட்டார்கள்.

கிரீமிலேயருக்கான வருமான வரம்பு 2017 முதல் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். சம்பள வருமானத்தையும் விவசாய வருமானத்தையும் எப்படிக் கணக்கிடுவது என்பதற்குத் தனி விதிகள் இருக்கின்றன. "அத்தா வெளிநாட்டில் இருக்கிறார், நமக்கெல்லாம் தரமாட்டார்கள்" என்று நீங்களாகவே முடிவு கட்டி ஒதுங்கிவிடாதீர்கள். விதி தெரிந்தவரிடம் கேளுங்கள். ஓ.பி.சி. பட்டியலில் வராத குடும்பத்தினர், தகுதி இருந்தால் 2019ல் வந்த பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 10 சதவீத ஒதுக்கீட்டைப் பார்க்கலாம்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாரைச் சென்றடைந்து சான்றிதழ் கைக்கு வர எத்தனை நாள் ஆகும் என்பது யாவரும் அறிந்ததே. ஆகஸ்டில் தேவைப்படும் சான்றிதழுக்கு ஜூனிலேயே விண்ணப்பிக்க வேண்டும்.

அத்துடன் பெயர் என்ற பெரிய சோதனையும் இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'முகமது', ஆதாரில் 'முஹம்மத்', சாதிச் சான்றிதழில் 'முகம்மது'. தமிழிலேயே இப்படி என்றால் ஆங்கிலத்தில் கேட்கவே வேண்டாம்! ஒரே பிள்ளைக்கு நாலு எழுத்துக்கூட்டல்! ஓரிடத்தில் தகப்பனார் பெயர் முதலெழுத்தாகவும், இன்னோர் இடத்தில் முழுப் பெயராகவும் இருக்கும். இதையெல்லாம் சேர்க்கை நாளில் திருத்த முடியாது. முதலாம் ஆண்டிலேயே திருத்தி வைத்துவிடுங்கள்.

உடனே போவதா, வேலை பார்த்துவிட்டுப் போவதா?

"சில ஆண்டு வேலை பார்த்த அனுபவம் இருந்தால்தான் மதிப்பு" என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. பல ஐ.ஐ.எம்.கள் பணி அனுபவத்துக்கு மதிப்பெண் தருகின்றன. ஹைதராபாத்தில் உள்ள ஐ.எஸ்.பி. நிறுவனத்தின் முதன்மைப் படிப்புக்கு இரண்டாண்டு அனுபவமே அடிப்படைத் தகுதி. அதே நேரத்தில், கல்லூரியிலிருந்து நேராகச் சேருவோரையும் ஐ.ஐ.எம்.கள் எடுத்துக் கொண்டுதான் இருக்கின்றன.

நம் கருத்து இதுதான்: இறுதியாண்டிலேயே முதல் முயற்சியைச் செய்துவிட வேண்டும். கேட் தேர்வுக்கு வயது வரம்பு இல்லை. இத்தனை முறைதான் என்ற கட்டுப்பாடும் இல்லை. கிடைத்தால் அல்ஹம்துலில்லாஹ். கிடைக்காவிட்டால் ஒரு வேலையில் சேர்ந்து, சம்பாதித்துக் கொண்டே அடுத்த ஆண்டு எழுதலாம். அந்த அனுபவமும் வீணாகாது. ஆனால் "அடுத்த ஆண்டு எழுதப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டு வீட்டில் சும்மா இருப்பது கூடவே கூடாது. "இந்த ஓராண்டு என்ன செய்தாய்?" என்று நேர்முகத் தேர்வில் கேட்பார்கள். பதில் வேண்டுமல்லவா?

பெண் பிள்ளைகள் விஷயத்தில் காலம் இன்னும் இறுக்கமானது. மூன்றாம் ஆண்டு முடியுமுன்பே நிக்காஹ் தேதியைக் குறித்துவிடும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. மார்க்கம் பெண்ணுக்குக் கல்வியை மறுக்கவில்லை. தேதியைக் குறிக்கும் நாம்தான் மறுக்கிறோம். பெண்களுக்கும், பொறியியல் அல்லாத பாடம் படித்தவர்களுக்கும் சில ஐ.ஐ.எம்.கள் தேர்வு முறையில் கூடுதல் மதிப்பெண் தருகின்றன. பி.காம்., பி.ஏ. படிக்கும் நம் சகோதரிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

நேர்முகத் தேர்வுகள் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வருவதால், 2025லும் 2026லும் அவை ரமளான் மாதத்தோடு சேர்ந்தே வந்தன. நோன்பு வைத்துக்கொண்டு ரயிலேறிப் போய்ப் பதில் சொல்ல வேண்டும். நோன்பு நோற்றபடியே உழைத்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது ஒரு தடையே அல்ல. முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயணத்தையும் பயிற்சியையும் அதற்கேற்ப வகுத்துக் கொள்ளலாம்.

"நமக்கு எதற்கு எம்.பி.ஏ.?"

"காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் எம்.பி.ஏ. படித்தா கடல் கடந்து வணிகம் செய்தார்கள்? ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலை வளர்த்தவர்கள் எந்தக் கல்லூரியில் படித்தார்கள்?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அவர்கள் கடையையே கல்லூரியாக்கிக் கொண்டவர்கள். ஆனால் இன்று ஏற்றுமதிக்கான விதி, வங்கி, வரி, கணினி, வெளிநாட்டு ஒப்பந்தம் என எல்லாமே மாறிவிட்டன. முதலாளி நம்மவர், முடிவெடுக்கும் நிர்வாகி வேறொருவர் என்ற நிலை வந்தால் தொழில் யார் கையில் இருக்கிறது? வேலை கேட்டு வளைகுடா செல்லும் தலைமுறையிலிருந்து வேலை கொடுக்கும் தலைமுறை உருவாக வேண்டாமா?

"வட்டி அடிப்படையிலான பொருளாதாரத்தைத்தானே அங்கே சொல்லித் தருகிறார்கள்?" என்பது இன்னொரு கேள்வி. வட்டியைத் தவிர்த்துத் தொழில் நடத்த விரும்புகிறவன்தான் நிதி எப்படி ஓடுகிறது என்பதை மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

உண்மையான சிக்கல் கட்டணத்தில் இருக்கிறது. முன்னணி ஐ.ஐ.எம்.களில் இரண்டாண்டுக் கட்டணம் 20 லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. வங்கிக் கடனோ வட்டிக் கடன். சேர்க்கைக் கடிதம் வந்தால் முதல் தவணையைக் கட்டச் சில நாட்களே அவகாசம். அந்தச் சில நாட்களில் ஒரு ஏழைப் பிள்ளை எந்தத் தனவந்தரின் வீட்டுக் கதவைத் தட்டுவது? வருமானம் குறைந்த மாணவர்களுக்கு ஐ.ஐ.எம்.களே தரும் உதவித்தொகைகள் உண்டு. அவற்றையும் குறித்த நாளில் கேட்க வேண்டும். மீதிக்கு அழகிய கடன் அளிக்கும் நிதியை ஒவ்வொரு மாவட்டத்திலும் உருவாக்குவது சமுதாயத்தின் பொறுப்பு. ஜகாத்தை இதற்கு எந்த அளவு பயன்படுத்தலாம் என்பதை உலமாக்கள் தெளிவுபடுத்தட்டும். இந்த நிதி, கடிதம் வந்தபின் துண்டேந்தி வசூலிப்பதாக இல்லாமல், அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் ஊருக்கு ஊர் பரிசளிப்பு விழா நடக்கிறது. மேடை, பந்தல், கேடயம், சால்வை. நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஜெயித்து வந்தவனுக்குத் தரும் கேடயத்தைவிட, போட்டிக்குப் போகிறவனுக்குத் தரும் வழிச்செலவு பெரிது. 2024ல் கேட் விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கும் ஓ.பி.சி.யினருக்கும் 2500 ரூபாய். ஒரு விழாவின் பந்தல் செலவில் எத்தனை பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போடலாம் என்று ஜமாஅத் நிர்வாகிகள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

ஜமாஅத்துகள் ஜூன், ஜூலை மாதங்களில் ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசல் வளாகத்திலேயே சான்றிதழ் முகாம் நடத்த வேண்டும். ஓ.பி.சி. சான்றிதழுக்கு விண்ணப்பிக்க உதவ, விவரம் தெரிந்த இரண்டு இளைஞர்களும் ஒரு கணினியும் போதும். பள்ளிவாசல்களிலும் கடைகளிலும் இலவசமாகத் தரும் தொழுகை நேரக் காலண்டரில் கேட், டான்செட் போன்ற தேர்வுகளின் விண்ணப்ப மாதங்களையும் அச்சிடுங்கள். ஆகஸ்ட் முதல் வெள்ளியன்று இமாம்கள் பயானுக்குப் பிறகு ஒரு நிமிடம் அறிவிப்புச் செய்யட்டும்.

நம் கல்லூரிகளுக்கும் பொறுப்பு இருக்கிறது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919ல் தோன்றியது. சென்னை புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் 1951ல் தோன்றின. கல்வியில் பின்தங்கிய சமுதாயம் முன்னேற வேண்டும் என்றுதான் அன்றைய பெருமக்கள் தங்கள் செல்வத்தை அள்ளிக் கொடுத்தார்கள். இன்று ஜமால் முஹம்மது கல்லூரி இருக்கும் அதே திருச்சியில் ஐ.ஐ.எம்.மும் இருக்கிறது. இடையில் இருப்பது ஒரு நகரப் பேருந்துப் பயணம்தான். நம் கல்லூரிகள் ஒவ்வொன்றும் இரண்டாம் ஆண்டு மாணவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரவும், மூன்றாம் ஆண்டு ஆகஸ்டில் அவர்களை உட்கார வைத்து விண்ணப்பம் போட வைக்கவும் ஒரு பேராசிரியரைப் பொறுப்பாக்க வேண்டும். அந்தப் பேரேட்டில் எத்தனை பெயர் இருக்கிறது என்பதை நிர்வாகக் குழு ஆண்டுதோறும் கேட்க வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியதையும் விட்டுவிடக் கூடாது. ஓ.பி.சி. ஒதுக்கீட்டுக்குள் சிறுபான்மையினருக்கு 4.5 சதவீத உள்ஒதுக்கீடு என்று 2011 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்தது. 2012 மே மாதம் ஆந்திர உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முறையான புள்ளிவிவரங்களோடு அந்தக் கோரிக்கையை மீண்டும் எழுப்ப வேண்டும். ஆராய்ச்சி மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022ல் நிறுத்தியது போன்ற அநீதிகளைக் கண்டிக்க வேண்டும். மாநில அரசிடம் ஓ.பி.சி. சான்றிதழைத் தாமதமின்றி வழங்கக் கோர வேண்டும். போராட்டம் ஒரு கை. விண்ணப்பம் இன்னொரு கை. இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஓசை.

இந்த இதழைப் படிக்கும் சகோதரரே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளை ஒன்று இருக்கும். இன்று மஃரிபுக்குப் பிறகு அந்தப் பிள்ளையை அழைத்து மூன்று கேள்வி கேளுங்கள். ஓ.பி.சி. சான்றிதழ் இருக்கிறதா? எல்லாச் சான்றிதழிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா? அரியர் ஏதும் இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால், வரும் ஆகஸ்டில் அந்தப் பிள்ளை விண்ணப்பம் போடும்வரை விடாதீர்கள்.

முயற்சி நம்முடையது. முடிவு அல்லாஹ்வின் நாட்டப்படி. ஆனால் முயற்சியையே உரிய காலத்தில் செய்யாமல் விட்டுவிட்டு, விதியின் மீது பழிபோட நமக்கு உரிமையில்லை.